அரிசி தின்ற மாணவி: ஒன்பதாம் வகுப்பில் ஒரு ரத்தசோகை நிகழ்வு

விருதுநகர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒரு கல்வியாண்டில் நடந்தது இது. நான் அந்த மாணவியின் வகுப்பாசிரியை. மாணவியும் அவளுடைய அம்மாவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஊர், பெயர், அடையாளம் காட்டும் விவரம் எதுவும் இதில் இல்லை.

இரும்புச்சத்து மாத்திரை, சத்துணவு, முட்டை, விலையில்லா நாப்கின் என்று ஒரு வளரிளம் பெண்ணுக்கு வேண்டியவை பெரும்பாலும் எங்கள் பள்ளி வாசல்வரை வந்துகொண்டிருந்தன. அப்படியிருந்தும், 12 கிராமாவது இருக்க வேண்டிய அவளுடைய ஹீமோகுளோபின் 7.1க்கு இறங்கியிருந்தது. திட்டம் பள்ளிக்கு வருவது வேறு, பிள்ளையின் உடம்பில் சேருவது வேறு. நடுவில் இருக்கும் அந்தத் தூரத்தைக் கடக்கப் பெரியவர்கள் என்ன செய்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

## பின்னணி

மாணவிக்கு 14 வயது. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. காலை ஏழு மணிக்கு முன்பே வேன் தெருமுனைக்கு வந்துவிடும். வீடு திரும்ப இருட்டிவிடும். அப்பா கேரளாவில் கட்டட வேலை செய்கிறார், எப்போதாவது வந்து போவார். வீட்டில் அப்பத்தாவும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பியும். அப்பத்தாவுக்கு முழங்கால் வலி, குனிந்து நிமிர முடியாது. தண்ணீர் பிடிப்பது, உலை வைப்பது, தம்பியைக் குளிப்பாட்டிக் கிளப்புவது எல்லாம் இவள் பொறுப்பு.

காலையில் அவள் வயிற்றுக்குப் போனது ஒரு டம்ளர் டீயும் இரண்டு வர்க்கியும். தம்பிக்குப் பள்ளியிலேயே சூடான காலை உணவு உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த அந்தத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உடம்பு மிக வேகமாக வளர்கிற, மாதந்தோறும் ரத்தம் இழக்கிற வயதில் இருக்கும் அக்காவுக்கு அது இல்லை.

மதியச் சத்துணவு அவளுக்கும் உண்டு. 1982இல் தொடங்கிய திட்டம் 1984லேயே பத்தாம் வகுப்புவரை நீட்டிக்கப்பட்டுவிட்டது. ஆனால் எங்கள் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெண்கள் பெரும்பாலும் தட்டோடு வரிசையில் நிற்க மாட்டார்கள். ஆறாம் வகுப்புப் பொடிசுகளோடு, வெட்டவெளி முற்றத்தில், ஆண் பிள்ளைகள் பார்க்க நிற்பதற்கு அவர்களுக்குக் கூச்சம். இவள் வீட்டிலிருந்தும் சாப்பாடு கொண்டுவர மாட்டாள். தோழிகளின் டப்பாவில் இரண்டு வாய் வாங்கிக்கொள்வாள்.

## கவனித்தவை

ஜூன் மாதம் முதலே மூன்றாவது பாடவேளைக்குள் அவள் தலை மேசையில் சாய்ந்துவிடும். எட்டாம் வகுப்பில் கணக்கில் நன்றாகவே மதிப்பெண் வாங்கியவள், முதல் இடைத்தேர்வில் பாதிக் கேள்வியைத் தொடாமல் விட்டிருந்தாள். ஆசிரியர் அறையில் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இரவெல்லாம் செல்போன் பார்க்கிறாள் என்றார் ஒருவர். காதல் ஏதாவது இருக்கும், கவனித்துக்கொள்ளுங்கள் என்றார் இன்னொருவர். ஒரு பிள்ளை படிப்பில் சறுக்கினால் நாம் முதலில் அவளுடைய ஒழுக்கத்தைப் பார்க்கிறோம், பிறகு புத்தியைப் பார்க்கிறோம். உடம்பைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

என்னை வேறு பக்கம் யோசிக்க வைத்தது வருகைப் பதிவேடு. மூன்று மாதப் பக்கங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, அவள் வராத நாட்கள் சிதறி இல்லை. ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை, சேர்ந்தாற்போல நான்கைந்து நாள். கண்டிப்பாக இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் மற்றவர்களிடம் விசாரிக்க ஆரம்பித்தேன்.

உடற்கல்வி ஆசிரியர் சொன்னார்: மைதானத்தை அரைச் சுற்று ஓடுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறாள், நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்கிறாள். சத்துணவுச் சமையலர் அக்கா சொன்னது எதிர்பாராதது. அரிசி புடைக்கும்போது இவள் வந்து பக்கத்தில் உட்காருவாளாம்; பேசிக்கொண்டே ஒவ்வொரு பிடியாக அள்ளி வாயில் போட்டுக்கொள்வாளாம். "அரிசியைத் தின்னா கல்யாணத்தன்னைக்கு மழை பேயும்டின்னு சொல்லிச் சிரிப்பேன் டீச்சர், அது காதுலயே வாங்காது" என்றார். நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த பேச்சு இது. அரிசி, சாம்பல், பலப்பம், செங்கல் துண்டு, ஐஸ் கட்டி இவற்றின் மேல் அடக்க முடியாத ஆசை வருவது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்பது அவ்வளவாகத் தெரியாது.

வாரந்தோறும் வியாழக்கிழமை நாங்கள் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரைகளும் கிடைத்தன. அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் ஐந்தாறு கிடந்தன. அவளிடம் மட்டுமில்லை, கடைசி இரண்டு வரிசைகளில் பலரிடமும் இருந்தன. பதிவேட்டில் எல்லோரும் மாத்திரை சாப்பிட்டிருந்தார்கள்.

## அவளோடு பேசியது

வகுப்பில் வைத்து எதுவும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். பள்ளி விட்ட பிறகு நூலக அறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, புத்தகம் அடுக்கும் சாக்கில் பேசினோம். கையில் வேலை இருந்தால் பிள்ளைகள் முகம் பார்க்காமல் பேச முடிகிறது. "ஏன் படிக்க மாட்டேங்கிற" என்று தொடங்காமல், காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தாய் என்று கேட்டேன். நீ சொல்வதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை நீயே முடிவு செய்யலாம். உன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உன்னிடம் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசுவேன் என்றும் சொன்னேன். காப்பாற்ற முடியாத ரகசிய வாக்குறுதியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

மாதவிடாய் எட்டு, ஒன்பது நாள் நீடிக்கிறது. முதல் மூன்று நாள் ஒரு மணி நேரத்தில் நாப்கின் நனைந்துவிடுகிறது, அதற்கு மேல் துணியையும் சேர்த்து வைத்துக்கொள்கிறாள். கட்டி கட்டியாகப் போகிறது. இரவில் இரண்டு முறை எழ வேண்டியிருக்கிறது. பள்ளிக் கழிப்பறையில் நாப்கினைப் போட இடமில்லை, மதியத்துக்கு மேல் தண்ணீரும் வராது. அதனால் அந்த நாட்களில் வருவதில்லை. எல்லாம் சொல்லிவிட்டு, "நான் மக்காயிட்டேன்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள். மூளைக்குப் போக வேண்டிய ரத்தத்தில் வலு இல்லாத ஒரு பிள்ளை, மாதக்கணக்கில் தன்னையே மக்கு என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். ரத்தசோகையால் வந்த கெடுதிகளில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான்.

ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பது, பெரிய கட்டிகளாகப் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதைப் பெண் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. எவ்வளவு போனால் அதிகம் என்று தெரியாத பிள்ளைக்குத் தனக்கு அதிகமாகப் போகிறது என்பதும் தெரியாது.

## அம்மாவின் பயம்

அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னால் அவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நானும் கிராம சுகாதாரச் செவிலியரும் வீட்டுக்குப் போனோம். நர்ஸம்மா அந்தத் தெருவுக்கு அடிக்கடி வருபவர் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெரிய மனுஷியான புதுசுல எல்லாருக்கும் அப்படித்தான டீச்சர் இருக்கும்" என்றார் அம்மா. இது முழுக்கத் தவறில்லை. வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் சினைமுட்டை ஒழுங்காக வெளிவராததால் உதிரப்போக்கு கூடுதலாகவும் முறை தவறியும் இருப்பது உண்டு. ஆனால் அது உடம்பைக் காலி செய்யும் அளவுக்குப் போனால் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று நர்ஸம்மா விளக்கினார்.

அம்மாவின் உண்மையான தயக்கம் வேறு. "வயசுப் புள்ளைய மகப்பேறு டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறத ஊர்ல நாலு பேரு பாத்தா என்ன பேசுவாக?" இந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. நாளைக்குப் பேச்சு கிளம்பினால் அதைச் சுமக்கப்போவது அந்தக் குடும்பம்தான். இன்னொன்றையும் சொன்னார்: படிப்பு ஏறவில்லை, பத்தாவதோடு நிறுத்திவிடலாம் என்று அப்பா போனில் சொல்லியிருக்கிறார். ரத்தசோகை என்ற ஒன்று, படிப்பை நிறுத்துவதற்கான காரணமாக அந்த வீட்டில் ஏற்கெனவே மாறியிருந்தது.

## எடுத்த முடிவுகள்

இவளை மட்டும் பரிசோதிக்காமல், ஒன்பதாம் வகுப்பில் ஆண் பெண் அனைவருக்கும் பள்ளியிலேயே ரத்தம் பார்ப்பது என்று முடிவானது. தலைமையாசிரியரும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஒப்புக்கொண்டார்கள். யாரையும் தனியாகக் காட்டக் கூடாது என்பது ஒரு காரணம். இது இவளோடு முடிகிற விஷயமில்லை என்பது இன்னொன்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும், அதே வயது ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை இருக்கிறது.

இவளுக்கு 7.1 வந்தது. இந்த வயதில் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8க்குக் கீழே என்றால் கடுமையானது. வகுப்பில் வேறு பல பெண் பிள்ளைகளுக்கும் சில ஆண் பிள்ளைகளுக்கும் 12க்குக் குறைவாக இருந்தது. முடிவை வகுப்பில் வாசிக்காமல் ஒவ்வொருவருக்கும் மடித்த சீட்டில் கொடுத்தோம்.

எண்ணைப் பார்த்ததும் அம்மாவின் தயக்கம் போய்விட்டது. "ரத்தம் கம்மி" என்பது ஊரில் வெளிப்படையாகச் சொல்லக்கூடிய காரணம். அரசு மருத்துவமனைக்கு அந்தப் பெயரிலேயே போனார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகும் ஓர் அம்மாதான்; அவர் கணக்குப்பிள்ளையிடம் பேசி லீவு வாங்கிக் கொடுத்தார். கடிதம் எழுதி நான் கேட்டிருந்தால் இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது.

மருத்துவமனையில் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ரத்த உறைவில் பிறவிக் குறை ஏதாவது இருக்கிறதா, தைராய்டு, தட்டணுக்கள் எல்லாம் சோதித்து, ஸ்கேனும் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அதிக உதிரப்போக்கும் போதாத சாப்பாடும் சேர்ந்த இரும்புச்சத்துக் குறைவு என்றார் மருத்துவர். உட்கார்ந்திருக்கும்போது மூச்சுத் திணறல் இல்லாததால் ரத்தம் ஏற்றவில்லை. தினமும் இரண்டு வேளை இரும்புச்சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை, போக்கு அதிகமான நாட்களுக்கு மட்டும் தனி மாத்திரை. இரண்டு வாரத்தில் திரும்ப வர வேண்டும், ஏறவில்லை என்றால் நரம்பு வழியாகக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

## நின்றுபோன மாத்திரை

நான்காம் நாளே மாத்திரை நின்றுவிட்டது. மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து அப்பத்தா பயந்துபோனார். வயிற்றிலும் எரிச்சல். "உள்ளுக்குள்ள எதையோ கெடுக்குது இந்த மாத்திரை" என்று எடுத்து ஒளித்து வைத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது 7.4தான் இருந்தது.

நர்ஸம்மா அப்பத்தாவைக் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மலம் கறுப்பது இரும்பு உள்ளே போவதன் அடையாளம், கெடுதல் இல்லை என்று சொன்னார். எரிச்சலுக்குச் சாப்பிட்ட பிறகு போடலாம், டீயை மட்டும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள் என்றார். டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்பைக் குடலில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இதற்கு நேர்மாறு. பிறகு மாத்திரை கொடுக்கும் வேலையை அப்பத்தாவிடமே ஒப்படைத்தார். இந்த முழு நிகழ்விலும் ஆகச் சிறந்த முடிவு இது என்பது என் கருத்து. அதுவரை தடையாகத் தெரிந்தவர், அதற்குப் பிறகு ஒரு வேளையையும் தவற விடவில்லை. காலண்டரில் மாத்திரைக்கு ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்.

சாப்பாட்டுக்கும் அவர்தான் வழி சொன்னார். இவள் வயதுக்கு வந்தபோது பதினாறு நாளும் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி, நாட்டுக்கோழி முட்டை, நல்லெண்ணெய் என்று ஊட்டியிருக்கிறார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாளோடு அது நின்றுபோனது. "அந்த ஒரு தடவையோட பொம்பளப் பிள்ளைக்குப் பசி அடங்கிருமா?" என்று நர்ஸம்மா கேட்டது அப்பத்தாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஞாயிறுதோறும் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கிச் சுட்டுக் கொடுப்பது என்று அவரே முடிவு செய்தார். அது உடம்பில் எளிதாகச் சேரும் இரும்பு நிறைந்த உறுப்பு. கொல்லையில் நிற்கும் முருங்கையையும் சேர்த்துக்கொண்டார்கள். கீரை இரும்பு உடம்பில் குறைவாகத்தான் சேரும், அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. காலையில் டீக்குப் பதில் முந்தின இரவு கரைத்து வைத்த கம்மங்கூழும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும்.

அப்பாவிடம் தொலைபேசியில் நான் பேசினேன். மாதவிடாய் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று மாணவி கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. ரத்தம் குறைந்தால் படிப்பு ஏறாது, ரத்தம் ஏறினால் படிப்பு ஏறுகிறதா என்று ஓர் ஆண்டு பொறுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் வரும் என்பதையும் சொன்னேன். ஊருக்கு வந்திருந்தபோது, காலையில் தானாகவே கிளம்பும்படி தம்பியை அவரே பழக்கிவிட்டுப் போனார்.

## பள்ளியில் மாறியது

ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குச் சத்துணவை வகுப்பறைக்கே கொண்டுவந்து பரிமாறினோம். ஆசிரியர்கள் இரண்டு பேர் அவர்களோடு உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட்டோம். சில வாரங்களில் டப்பா கொண்டுவரும் பிள்ளைகள்கூட முட்டைக்குத் தட்டு நீட்டினார்கள்.

வியாழக்கிழமை மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீர் பாட்டிலோடு, எல்லோரும் ஒன்றாக விழுங்குவது என்றானது. முதல் வாரம் வயிறு பிரட்டலாம், மலம் கறுக்கும் என்பதை ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொன்னோம். மேலாண்மைக் குழு கழிப்பறைக்கு மூடி போட்ட தொட்டியும் கதவுக்குக் கொக்கியும் வாங்கிக் கொடுத்தது. பிற்பகலிலும் தண்ணீர் வர ஊராட்சியிடம் பேசியது. நாப்கின் கட்டை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி வகுப்பு அலமாரியில் வைத்தோம்.

## விளைவு

முதலில் போனது அரிசி ஆசை. மாத்திரை ஒழுங்காகத் தொடங்கிய சில வாரங்களில், அரிசியைப் பார்த்தால் எடுக்கவே தோன்றவில்லை என்றாள். சமையலர் அக்காவும் அதை உறுதிப்படுத்தினார். அக்டோபரில் ஹீமோகுளோபின் 9.2, டிசம்பரில் 11.3, பிப்ரவரியில் 12.1. அளவு 12ஐத் தொட்ட பிறகும் உடம்பின் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரை வேண்டும் என்றார் மருத்துவர். உதிரப்போக்கு ஆறு நாளுக்குள் அடங்கியது.

நவம்பருக்குப் பிறகு அந்த நான்கைந்து நாள் விடுப்பு வருகைப் பதிவேட்டில் இல்லை. ஆண்டுத் தேர்வில் கணக்கில் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். ஆங்கிலத்தில் இன்னும் தடுமாற்றம்தான். தவறவிட்ட மாதங்களின் பாடம் ரத்தம் ஏறியதால் தானாகத் திரும்பி வருவதில்லை. தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. பத்தாவதோடு நிறுத்தும் பேச்சு வீட்டில் இப்போதைக்கு இல்லை.

கோடை விடுமுறை இதில் கொஞ்சத்தைக் கெடுத்தது. பள்ளி மூடியதும் சத்துணவு, முட்டை, வியாழன் மாத்திரை மூன்றும் ஒன்றாக நின்றன. அப்பத்தா மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் மருத்துவமனை மாத்திரையும் தடைபட்டது. ஜூனில் பார்த்தபோது 11.2. திரும்பத் தொடங்கியிருக்கிறோம்.

## இனி வேறு விதமாகச் செய்பவை

பரிசோதனையை யாராவது மயங்கும்வரை தள்ளாமல், ஜூன் கடைசியில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு வைக்கிறோம். வருகைப் பதிவேட்டை மாதக் கடைசியில் மொத்த விழுக்காட்டுக்காக மட்டும் கூட்டாமல், ஒரு பிள்ளை எந்த நாட்களில் வரவில்லை என்று ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சமையலர்களையும் உடற்கல்வி ஆசிரியரையும் மாதம் ஒருமுறை வகுப்பாசிரியர்களோடு உட்கார வைக்கிறோம். பிள்ளை சாப்பிடுவதையும் ஓடுவதையும் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

மாத்திரையை முதன்முதலாக வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது, வீட்டில் சமைப்பவரும் மூத்தவரும் இருக்கும் நேரத்தில் பேச வேண்டும். அம்மாவிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் அப்பத்தாவுக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

விடுமுறைக்கு என்ன செய்வது என்பதுதான் இன்னும் முழுதாகத் தீராதது. இந்தக் கல்வியாண்டு முடிந்து ஏப்ரலில் பள்ளி மூடும் முன்பே குறைவான அளவு உள்ள பிள்ளைகளின் பட்டியலை, பெற்றோர் ஒப்புதலோடு, நர்ஸம்மாவிடம் கொடுக்கப்போகிறோம். மே மாத மாத்திரைகளை அவர் அங்கன்வாடியில் வைத்து வாரம் ஒருமுறை கொடுப்பதாகப் பேச்சு. முட்டைக்கு வழி தேடி ஊராட்சித் தலைவரிடம் மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை.